எண்ணிய பிறகு குத்துங்கள்: குழந்தை நிமோனியாவில் விரைவுப் பரிசோதனையும் ஆன்டிபயாட்டிக்கும்

உசிலம்பட்டியோ பேரையூரோ மேலூரோ, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்திருந்தாலும் சரி, ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காலை ஓ.பி. வரிசையில் பாதி இருமும் குழந்தைகள்தான். "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, ஒரு ஊசியப் போட்டு விடுங்க" என்றுதான் பேச்சே தொடங்கும். முன்பு கையில் ஸ்டெதாஸ்கோப் மட்டும் இருந்தது. இப்போது ஒரு சொட்டு ரத்தத்தில் சில நிமிடங்களில் எண் காட்டும் சி.ஆர்.பி. (தொற்றோ அழற்சியோ வந்தால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) மெஷின், மூக்குச் சளியில் ஃப்ளூ பார்க்கும் கார்டு, ஸ்க்ரப் டைஃபஸ் கார்டு, டெங்கு கார்டு என்று பலதும் வந்துவிட்டன. புதிதாக ஓ.பி.யில் உட்காரும் டாக்டரும் ஸ்டாஃப் நர்ஸும் இவற்றை எந்தக் குழந்தைக்கு, எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிமோனியாவா இல்லையா என்பதை எந்தக் கார்டும் சொல்லாது. அதைச் சொல்வது மூச்சு எண்ணிக்கையும் நெஞ்சுக்கூடும். கார்டு உதவுவது அடுத்த கேள்விக்கு: ஆன்டிபயாட்டிக் தேவையா, தேவையென்றால் எது? முடிவு எப்படி வந்தாலும் நீங்கள் எழுதப்போகும் மருந்து மாறாது என்றால், அந்தக் குழந்தையின் விரலைக் குத்தாதீர்கள்.

இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு சிக்கல் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும். வங்கதேசம், தாய்லாந்து, கென்யா உட்பட ஏழு நாடுகளில் கடுமையான நிமோனியாவோடு மருத்துவமனையில் சேர்ந்த குழந்தைகளைப் பார்த்த பெர்ச் ஆய்வு 2019 இல் வெளிவந்தது. அதில் சுமார் 61 சதவீதத்துக்குக் காரணம் வைரஸ், 27 சதவீதத்துக்கு பாக்டீரியா. ஆர்.எஸ்.வி. என்ற ஒரே வைரஸ் மட்டும் 31 சதவீதம். அப்படியென்றால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடலாமா? 2020 இல் வந்த கராச்சி ஆய்வு அங்கே கையைப் பிடிக்கிறது. வேகமூச்சு மட்டும் இருந்த குழந்தைகளில் ஒரு பாதிக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் மறு பாதிக்கு மருந்துச் சத்தில்லாத போலி மருந்தும் கொடுத்தார்கள். சிகிச்சை தோற்றது அமாக்சிசிலின் பக்கம் 2.6 சதவீதம், மறுபக்கம் 4.9 சதவீதம். பெரும்பாலான குழந்தைகள் மருந்தில்லாமலும் தேறிவிட்டார்கள். ஆனால் தேறாத அந்தச் சிலர் யார் என்பதை முன்கூட்டியே காட்டும் சோதனை இன்னும் நம் கையில் இல்லை.

முதல் படி: ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள்

பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்கு ஓடும். குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது; நடுவே நின்று நின்று வரும். ஆகவே முழு 60 விநாடி. குழந்தை தாயின் மடியில் அமைதியாக இருக்க வேண்டும். அழுதாலும் பால் குடித்துக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை கெடும். சட்டையைத் தூக்கிவிட்டு வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தைப் பாருங்கள். வரிசை நீளமாக இருக்கிறதே என்று அவசரப்படாதீர்கள், ஓ.பி.யில் இந்த ஒரு நிமிடத்துக்கு ஈடான பரிசோதனை எதுவுமில்லை.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் வேகமூச்சு. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50. ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தால் எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து, சூடு இறங்கியதும் மறுபடி எண்ணுங்கள். காய்ச்சலே மூச்சைக் கூட்டும்.

எண்ணும்போதே விலா எலும்புக்குக் கீழே பாருங்கள். மூச்சு உள்ளே போகும்போது அந்த இடம் குழி விழுந்தால் அதுதான் நெஞ்சு உள்ளிழுப்பு. அடுத்து பல்ஸ் ஆக்ஸிமீட்டர். பெரியவர்களின் விரல் கிளிப்பைக் கைக்குழந்தைக்கு மாட்டினால் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். குழந்தைக்கான சென்சரைக் கால் கட்டை விரலிலோ பாதத்திலோ சுற்ற வேண்டும். நம் ஊரில் உள்ளங்காலில் மைப்பொட்டு வைத்திருப்பார்கள், விரலில் மருதாணி இருக்கும். பொட்டைத் துடைத்துவிட்டு, மருதாணி இல்லாத இடம் பார்த்து மாட்டுங்கள். பாதம் சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் பொதிந்து சூடேற்றிவிட்டு, அலை சீராக வரும் வரை காத்திருங்கள்.

இரண்டாம் படி: சோதனையே வேண்டாத குழந்தைகளைப் பிரியுங்கள்

பால் குடிக்க முடியாத குழந்தை, குடித்ததையெல்லாம் வாந்தி எடுக்கும் குழந்தை, வலிப்பு வந்த குழந்தை, துவண்டு கிடக்கும் குழந்தை, அமைதியாக இருக்கும்போதே தொண்டையில் கர்ரென்று சத்தம் வரும் குழந்தை, ஆக்சிஜன் 90க்குக் கீழே இருக்கும் குழந்தை. இவர்களுக்கு சி.ஆர்.பி. எடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆக்சிஜன் வையுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வருவதற்குள் முதல் டோஸைப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஆம்பிசிலின் எடைக்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஜென்டாமைசின் கிலோவுக்கு 7.5 மில்லிகிராம், இரண்டும் தசையில். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை மூச்சு வாங்கினால் வேறு யோசனையே வேண்டாம், மேல் மருத்துவமனைதான். கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தையும், அதாவது புஜச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், இந்தப் பட்டியலில்தான். அந்தக் குழந்தையின் உடம்பு காய்ச்சலையும் காட்டாது, சி.ஆர்.பி.யையும் ஒழுங்காக ஏற்றாது.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்பும்போது சீட்டில் மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, முதல் டோஸ் போட்ட நேரம் மூன்றையும் எழுதிவிடுங்கள். பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவில் இரவில் நிற்கும் டாக்டருக்கு உங்கள் சீட்டு ஒன்றுதான் கண்.

மூன்றாம் படி: வீசிங்கை ஒதுக்குங்கள்

வேகமூச்சோடு வரும் குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு இருப்பது நிமோனியா அல்ல, மூச்சுக்குழல் சுருக்கம். வீட்டில் "இளைப்பு" என்பார்கள். காதில் விசில் சத்தம் கேட்டால் சால்பியூட்டமாலை ஸ்பேசரிலோ நெபுலைசரிலோ கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். தேவைப்பட்டால் மூன்று முறை வரை கொடுக்கலாம். எண்ணிக்கை வரம்புக்குக் கீழே வந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் கேள்வியே எழாது. தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்கை மிச்சப்படுத்தும் மலிவான வழி இதுதான் என்பது என் கணக்கு. எந்த மெஷினும் இதற்குப் பக்கத்தில் வராது.

நான்காம் படி: சி.ஆர்.பி.

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

எந்த சி.ஆர்.பி. என்று முதலில் கேளுங்கள். சின்ன லேப்களில் செய்யும் சிலைடு சோதனை லிட்டருக்கு 6 மில்லிகிராம் தாண்டினாலே 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்துவிடும். சாதாரணச் சளிக்கும் அது பாசிட்டிவ் ஆகும். அந்த ஒற்றை வார்த்தையை வைத்து ஊசி போடத் தொடங்கினால் ஊரில் ஒரு குழந்தை பாக்கி இருக்காது. உங்களுக்கு வேண்டியது எண்.

எண் வந்தால் அலகைப் பாருங்கள். சில லேப்கள் லிட்டருக்கு மில்லிகிராம் என்றும் சில டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்றும் கொடுக்கின்றன. டெசிலிட்டருக்கு 4 என்பது லிட்டருக்கு 40. "நாலுதானே, ஒண்ணுமில்ல" என்று குழந்தையை அனுப்பிவிட இடம் கொடுக்கும் ரிப்போர்ட் இது.

காய்ச்சல் தொடங்கி எத்தனை மணி நேரம்? தொற்று ஆரம்பித்த முதல் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் சி.ஆர்.பி. ஏறத் தொடங்கவே இல்லை எனலாம். உச்சம் இரண்டாம் நாள் வாக்கில்தான். நேற்று ராத்திரி காய்ச்சல் வந்து இன்று காலை எடுத்த சி.ஆர்.பி. குறைவாக இருந்தால் அதற்கு அர்த்தமில்லை.

அப்புறம் வரம்பு எண். இதில் ஒரே எண் கிடையாது. வியட்நாமில் ஹனோய் பகுதி ஆரம்ப சுகாதார மையங்களில் நடந்த ஆய்வில் (2016) ஒன்று முதல் ஐந்து வயதுக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்று வைத்தார்கள். கடுமையில்லாத சளி இருமல்தான் அங்கே கேள்வி. பெரியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு 78 சதவீதத்திலிருந்து 64 சதவீதமாக இறங்கியது. தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் நடந்த ஆய்வில் (2017) நிமோனியா அறிகுறி இருந்த குழந்தைகளுக்கு 80 என்று வைத்தார்கள். மற்ற குறிகளையும் சேர்த்து டேப்லெட் கணினி வழிகாட்டும் முறை அது. மூச்சு எண்ணிக்கையை மட்டும் வைத்த முறையோடு ஒப்பிட்டால் ஆன்டிபயாட்டிக் பாதிக்கும் கீழே போனது. குழந்தைகளுக்குக் கெடுதலும் வரவில்லை. ஒரே சோதனை, ஒரு இடத்தில் 10, இன்னொரு இடத்தில் 80. கேள்வி வேறு, அதனால் எண்ணும் வேறு. இங்கிலாந்தில் பெரியவர்களுக்காக எழுதிய 20, 100 அட்டவணை ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைக் குழந்தைக்குப் பொருத்தாதீர்கள்.

பெர்ச் ஆய்வுக் குழந்தைகளில் பாக்டீரியா என்று உறுதியானவர்களில் 77 சதவீதம் பேருக்கு 40க்கு மேல் இருந்தது, ஆர்.எஸ்.வி. நிமோனியாவில் 17 சதவீதம் பேருக்கு மட்டும். நல்ல வித்தியாசம்தான். ஆனால் இதையே திருப்பிப் படியுங்கள்: பாக்டீரியா நிமோனியா உள்ள நான்கு குழந்தைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு 40க்குக் கீழே. அடினோவைரஸ் போன்ற சில வைரஸ்கள் மறுபக்கம் எண்ணை எகிற வைக்கும்.

ஆகவே நான் பயன்படுத்தும் விதம் இது. வேகமூச்சு இல்லை, குழந்தை விளையாடுகிறது, காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டிவிட்டது, வீட்டார் ஆன்டிபயாட்டிக் கேட்டு விடமாட்டேன் என்கிறார்கள்: இங்கே சி.ஆர்.பி. 20க்குக் கீழ் வந்தால் உங்கள் "வேண்டாம்" என்ற பேச்சுக்கு அது கைகொடுக்கும். நெபுலைசருக்குப் பிறகும் எண்ணிக்கை வரம்பில் தொங்குகிறது: இங்கேயும் உதவும். ஆனால் வேகமூச்சு தெளிவாக இருக்கும் குழந்தைக்கு, எண் குறைவாக இருக்கிறதே என்று நீங்களாக அமாக்சிசிலினை நிறுத்தாதீர்கள். நம் திட்ட வழிகாட்டுதலும் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் எண்ணிக்கையை வைத்தே மருந்து கொடுக்கச் சொல்கின்றன. நிறுத்தித்தான் பார்க்க வேண்டுமென்றால் மூத்த குழந்தை மருத்துவரிடம் பேசி, மறுநாள் அந்தக் குழந்தை உங்கள் முன்னால் வந்து நிற்கும் என்ற உறுதி இருந்தால் மட்டும்.

குத்தும் முறை பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குக் குதிகாலின் பக்கவாட்டில், அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு விரலின் பக்கவாட்டில். ஸ்பிரிட் காயட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள். பிதுக்கினால் திசு நீர் கலந்து எண் குறையும்.

கிட் வைக்கும் இடமும் முக்கியம். பெரும்பாலான கார்டுகளுக்கு 30 டிகிரிதான் மேல் வரம்பு. சித்திரையில் 40 தாண்டும் மதுரையில், ஜன்னலோர அலமாரியில் கிடந்த கார்டை நம்பாதீர்கள். கட்டுப்பாட்டுக் கோடு வராத கார்டு குப்பைக்கு. சொன்ன நிமிடத்தில் படியுங்கள். மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் இல்லாத கோடெல்லாம் தெரியும்.

ஐந்தாம் படி: வைரஸ் கார்டு

சுருக்கமாக. ஃப்ளூ கார்டு பாசிட்டிவ் என்றால் நம்பலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் ஃப்ளூ மருந்தான ஓசெல்டாமிவிர் பற்றி யோசிக்கலாம். நெகட்டிவ் என்றால் ஃப்ளூ இல்லை என்று பொருளல்ல, கணிசமானவற்றை அது தவறவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆர்.எஸ்.வி. பாசிட்டிவ் என்றால் ஆக்சிஜன், பால், மூக்கு சுத்தம், அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் வைரஸ் இருப்பது பாக்டீரியா இல்லை என்பதற்குச் சான்று அல்ல. இரண்டு நாள் தேறி மறுபடி காய்ச்சல் ஏறினால் அந்தக் கார்டை மறந்துவிட்டு முதல் படிக்குப் போங்கள்.

ஆறாம் படி: ஸ்க்ரப் டைஃபஸை மறக்காதீர்கள்

மழை முடிந்து மாசி வரை நம் பக்கத்தில் இதுதான் மாறுவேடத்தில் வரும். புதரில் இருக்கும் சிறு உண்ணிப் பூச்சியின் கடியால் பரவுவது. ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்கல், முகம் லேசாக உப்பல், வயிற்றைத் தொட்டால் கல்லீரலும் மண்ணீரலும் தட்டுப்படும். எக்ஸ்ரேயில் நிமோனியா மாதிரியே இருக்கும். அமாக்சிசிலினும் செஃப்ட்ரையாக்ஸோனும் இதைத் தொடவே தொடாது.

கார்டுக்கு முன்னால் கண். துணியை முழுக்கக் கழற்றி அக்குள், காது மடலுக்குப் பின், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு, பிறப்புறுப்பு, அரைஞாண் கயிற்றுக்கு அடியில் எல்லாம் பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி கருத்த பொருக்கு, வலி இருக்காது. வீட்டார் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்கள். "குழந்தை கண்மாய்க்கரையில, கருவேலங்காட்டுப் பக்கம் விளையாடுமா? ஆடு மேய்க்கக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று கேளுங்கள்.

ஸ்க்ரப் டைஃபஸுக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைப் பார்க்கும் ஐ.ஜி.எம். கார்டு முதல் வாரக் கடைசியில்தான் பாசிட்டிவ் ஆகும். மூன்றாம் நாளில் நெகட்டிவ் வந்தது ஒரு பதிலே இல்லை. பொருக்கு இருந்தால் கார்டுக்குக் காத்திருக்காமல் டாக்சிசைக்ளின், ஒரு நாளைக்கு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், இரண்டாகப் பிரித்து. அல்லது அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மில்லிகிராம், ஒரு வேளை, ஐந்து நாள். எட்டு வயதுக்குக் கீழே டாக்சிசைக்ளினே கூடாது என்ற பழைய பயம் இந்தக் குறுகிய கோர்ஸுக்குப் பொருந்தாது. பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்கவில்லையென்றால் வேறு நோயைத் தேடுங்கள்.

அதே மாதங்களில் டெங்குவும் வரும். காய்ச்சல் விட்ட பிறகு மூச்சு வாங்கினால் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கலாம். அது நிமோனியா அல்ல. ஆன்டிபயாட்டிக்கும் பதில் அல்ல.

வேண்டாத சோதனைகள்

சிறுநீரில் நிமோகாக்கஸ் (நிமோனியா தரும் ஒரு பாக்டீரியா) பார்க்கும் கார்டு பெரியவர்களுக்கானது. நல்ல ஆரோக்கியமான குழந்தைகளின் மூக்கிலேயே அந்தக் கிருமி குடியிருக்கும், அதனால் பாசிட்டிவ் வரும். மூக்குச் சளியில் பாக்டீரியா பார்ப்பதற்கும் இதே கதைதான். காய்ச்சல் என்றாலே டைஃபாய்டுக்கான வைடால் சோதனையை இணைத்து எழுதும் பழக்கம் நம் ஊரில் எப்படி வந்ததோ தெரியவில்லை, நிமோனியாக் கேள்விக்கு அதனால் ஒரு பைசா பிரயோசனமில்லை. சி.ஆர்.பி. போலவே ரத்தத்தில் பார்க்கும் புரோகால்சிட்டோனின் நல்ல சோதனைதான், ஆனால் விலைக்கேற்ற பலன் பெரிய மருத்துவமனை வார்டில்தான். இருமல் இரண்டு வாரம் தாண்டினாலோ, வீட்டில் காசநோய் மருந்து சாப்பிடுபவர் இருந்தாலோ, காசநோய்க் கிருமியைத் தேடும் ட்ரூநாட் அல்லது சி.பி.நாட் சோதனைக்கு மாதிரி அனுப்புங்கள். அது வேறு வழி.

ஏழாம் படி: மருந்து எழுதுதல்

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய நிமோனியாவுக்கு அமாக்சிசிலின். கிலோவுக்கு 40 மில்லிகிராம் ஒரு வேளைக்கு, தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். கரையும் 250 மில்லிகிராம் மாத்திரையென்றால் 4 முதல் 10 கிலோவுக்குள் ஒன்று, 10 முதல் 14க்குள் இரண்டு, 14 முதல் 19 வரை மூன்று, காலையும் இரவும். ஸ்பூனில் கொஞ்சம் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கலாம். பொடி சிரப் என்றால் கொதித்து ஆறிய நீரைக் கோடு வரை ஊற்றுவதை நீங்களே ஒரு முறை செய்து காட்டுங்கள்.

"பழைய மருந்து சார், ஸ்ட்ராங்கா எழுதுங்க" என்பார்கள். மருந்துக்கடையில் கேட்காமலே கிடைக்கும் செஃபிக்சிம், நிமோகாக்கஸை அடக்குவதில் அமாக்சிசிலினுக்குப் பின்னால்தான் நிற்கும். அசித்ரோமைசினை ஸ்க்ரப் டைஃபஸுக்கும், ஐந்து வயதுக்கு மேல் மைக்கோப்ளாஸ்மா என்ற கிருமி சந்தேகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசி தமிழ்நாட்டில் 2021 முதல் 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசமாகப் போடப்படுகிறது. விட்டுப்போயிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள்.

எட்டாம் படி: அப்பத்தாவிடம் பேசுங்கள்

மருந்து வேண்டாம் என்று முடிவெடுத்தால் பேச வேண்டியது பெரும்பாலும் தாயிடம் இல்லை, கூட வந்த அப்பத்தாவிடம். மடியில் குழந்தையை வைத்துச் சட்டையைத் தூக்கிவிட்டு, "அப்பத்தா, இந்த விலாவுக்குக் கீழ பாருங்க, மூச்சு இழுக்கறப்ப குழி விழுகுதா?" என்று கேளுங்கள். குனிந்து பார்ப்பார். "இல்லையே தாயி." "இன்னைக்கு விழுகல. ராத்திரி விழுந்தாலோ, பால் குடிக்கலைன்னாலோ விடியறதுக்குக் காத்திருக்காதீங்க, 108க்குப் போடுங்க." இதற்குப் பிறகு சி.ஆர்.பி. எண்ணைக் காட்டினால் எடுபடும். முதலிலேயே எண்ணைக் காட்டினால், "ரத்தத்துல ஒண்ணும் இல்லைங்கறாங்க" என்று வெளியே போய் வேறு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வார்கள்.

எல்லாரையும் 48 மணி நேரத்தில் திரும்பி வரச் சொல்லுங்கள். தொலைவிலிருந்து வருபவர்களிடம் ஃபோன் நம்பர் வாங்கி, அந்தக் கிராமச் செவிலியரைப் போய் மூச்சு எண்ணச் சொல்லுங்கள். திரும்பி வந்த குழந்தைக்கு எண்ணிக்கை குறையவில்லை என்றால் அமாக்சிசிலினை உடனே மாற்றிவிடாதீர்கள். டோஸ் சரியாகப் போனதா, வாந்தி எடுத்ததா, வீசிங் ஒளிந்திருக்கிறதா, பொருக்கு தெரிகிறதா, ஒரு பக்கம் நுரையீரலில் தட்டினால் மொத்தென்று கேட்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது கேட்டால் நீரோ சீழோ கட்டியிருக்கலாம், எக்ஸ்ரேக்கு அனுப்புங்கள். இந்த இடத்தில் இரண்டாவது சி.ஆர்.பி. உண்மையிலேயே பயன்படும்: முதல் எண்ணிலிருந்து பாதியாக இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்கிறது. ஏறியிருந்தால் மேல் மருத்துவமனை.

அந்த ஒப்பீடு நடக்க வேண்டுமென்றால் முதல் எண் சீட்டில் இருக்க வேண்டும். வயது, எடை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், காய்ச்சல் எத்தனையாவது நாள், சி.ஆர்.பி. எண் அலகோடு, எடுத்த நேரம். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாலும் போதும். வீட்டில் தொலைத்துவிடுவார்கள் என்று தோன்றினால் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து பின் அடித்துக் கொடுங்கள்; அதை மட்டும் பத்திரமாக வைத்திருப்பார்கள்.